சூட்டில் ஒடுங்கிய போத்தல்

1

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி ஊற்றி ஊற்றி அதன் இடுப்பு ஒடுங்கிப்போயிருந்தது. மேடிட்ட வயிற்றின்மேல் அதைச் சாய்த்து வைத்து, நடுநடுவே ஒரு மிடறு குடித்தாள். அதில் சூடாக ஊற்றிக் குடிக்க வேண்டாம் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் இறங்கிப் போய்விட்டாள்.

அவள் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் இந்தக் கதை தொடங்கியது. அவள் பெயர் எனக்குத் தெரியாது. சர்மிளா என்று வைத்துக்கொள்கிறேன்.

2

முதலில் எழுதிய வரி இது: 'அந்தப் போத்தல்தான் சர்மிளாவின் முதல் பிள்ளையைக் கொன்ற—'

நிறுத்திவிட்டேன். எனக்கே தெரியாததை எப்படி எழுதுவது?

தெரிந்ததைச் சொல்கிறேன். சர்மிளாவுக்கு இப்போது ஏழு மாதம். போன வருடம் நாலாம் மாதத்தில் ஒன்று கலைந்துவிட்டது. கணவன் ஜெயகாந்தனுக்கு, யாத்திரை சீசனில் சிவனொளிபாத மலையடியிலுள்ள நல்லதண்ணியில் ஒரு கடையில் வேலை. மலை ஏற வருகிறவர்கள் வீசிவிட்டுப் போகும் போத்தல்களில் நசுங்காததாகப் பார்த்துப் பொறுக்கி, கழுவி, தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுவருவான். விடிந்ததும் அவள் கொழுந்து பறிக்கக் கிளம்பும்போது அவனே தேத்தண்ணி போட்டு, ஆவி பறக்க அதில் ஊற்றிக் கொடுப்பான். இரண்டு வருடமாக இதுதான் வழக்கம்.

3

அன்றைக்கு மலையில், பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் தனுஜா போனை நீட்டினாள்.

"இதப் பாரு சர்மிளா. பிளாஸ்டிக் போத்தல்ல சூடா ஊத்துனா கெமிக்கல் எறங்குமாம். புள்ளத்தாச்சிங்க குடிக்கவே கூடாதாம்."

"எத்தன நாள் குடிச்சா?"

"அதெல்லாம் சொல்லலடி."

(இங்கே ஒரு குறிப்பு. சூடு பட்டால் பிளாஸ்டிக்கிலிருந்து சில இரசாயனங்கள் கூடுதலாகக் கசியும் என்பது உண்மை. எவ்வளவு கசிந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. சர்மிளாவின் பயம் முழுக்க அந்த இடைவெளியில்தான் குடியேறியது.)

போத்தலில் மிச்சமிருந்த தேத்தண்ணியைத் தேயிலைத் தூரில் ஊற்றினாள். குனிந்து நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. காலையிலிருந்து பிள்ளை அசையவே இல்லை.

வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள்.

"தனு, அசையலடி."

கூட நின்று வேலை வாங்கும் கங்காணி கந்தப்பன் அதைக் கேட்டதும் ரோட்டுக்கு ஓடிப்போய் ஒரு ஆட்டோவை மறித்தார்.

4

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நர்ஸ் அவள் வயிற்றில் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்து அழுத்தினாள். நகர்த்தினாள். மறுபடி அழுத்தினாள்.

'சத்தம் எதுவும் கேட்கவில்—'

(மன்னியுங்கள். எழுதத் தொடங்கி, கை ஓடாமல் விட்ட வரி. அடிக்காமல் வைத்திருக்கிறேன், அந்த அரை நிமிடத்தில் அவள் மனதில் ஓடியதும் அதுதான் என்பதால்.)

பிறகு கேட்டது. டக்டக்கென்று, வேகமாக.

சர்மிளா வாய்விட்டு அழுதாள். அழுகை அடங்கியதும் டாக்டரிடம் போத்தலைப் பற்றிக் கேட்டாள்.

"இனிமே அதுல சூடா ஊத்தாதீங்க. எவர்சில்வர் போத்தல வாங்கிப் பாவிங்க."

"போன புள்ள, அதனாலயா கலைஞ்சுச்சு?"

"அது எதனாலன்னு இப்ப யாராலயும் சொல்ல ஏலாது, தங்கச்சி."

5

செய்தி கேட்டு ஜெயகாந்தன் ஓடிவந்தான். கையில் இன்னொரு போத்தல், ஆவியில் வெளுத்திருந்தது.

"சூடா கொண்டாந்தேன். ஒரு வாய் குடி புள்ள."

"வேணாங்க. இனிமே இதுல ஊத்தாதீங்க."

"ஏன்?"

சொன்னாள். தனுஜா காட்டியதையும், டாக்டர் எவர்சில்வர் பாவிக்கச் சொன்னதையும். போன வருடத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளங்கை சுட்டிருக்கும், கீழே வைக்கவில்லை.

"அப்போ... மொதப் புள்ளைக்கு?"

'அதனால இல்லீங்க' என்று அவளைச் சொல்லவைத்தேன். அவளுக்கு எப்படித் தெரியும்? 'அதனாலதான்' என்று மாற்றினேன். அதுவும் தெரியாத விஷயம்தான். அதற்குப் பிறகு அந்த மனிதன் நிமிரவே மாட்டான். 'தெரியாதுங்க' என்பதுதான் உண்மை. அதையும் எழுதிப் பார்த்தேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்தேன்.

ஜெயகாந்தன் கட்டிலோரத்தில் பதிலுக்காக நிற்கிறான். அவள் என்ன சொல்லட்டும்? எனக்குத் தைரியமில்லை. நீங்கள் சொல்லுங்கள்.