செர்வா வரும் வரை

போலந்தின் லுப்லினுக்குப் புதிதாகப் படிக்க வரும் எங்கள் கானா பிள்ளைகளுக்கு நான்தான் விவரம் சொல்வேன். நேரில் பேசக் கூச்சம் என்பதால் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டுவிடுவேன். பனிக்காலத்துக்கான பூட்ஸை ஊரிலிருந்து வாங்கி வராதீர்கள். பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட்டை இயந்திரத்தில் பதியுங்கள். விசா முடிவதற்குள் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்ததற்கான முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்துவிட்டால், அட்டை கைக்கு வரும் வரை ஊருக்குப் போகாதீர்கள். போனால் திரும்பி நுழைய முடியாது.

செர்வா என் அறைத்தோழி. நர்சிங் கடைசி ஆண்டு. அவளுக்கு முத்திரை விழுந்த மறுவாரம், ஊரில், குமாசியில், அவள் அம்மா இறந்துபோனார்.

எங்கள் பக்கம் உடனே அடக்கம் செய்வதில்லை. உடலைப் பிணவறைக் குளிரில் வைத்துவிட்டு, வர வேண்டியவர்களுக்காகக் காத்திருப்பார்கள். அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்துவது மகளின் வேலை. செர்வா ஒரே மகள். நாள் குறிக்க வேண்டியவர் தாய்மாமன்.

ஞாயிறுதோறும் அவர் கூப்பிடுவார்.

“என்னம்மா, அந்த ஊர்க்காரங்க உன்னைக் கட்டிப் போட்டுட்டாங்களா?”

“அடுத்த வாரம் அட்டை வந்துரும் மாமா.”

“வரட்டும். உங்கம்மா சர்ச்சுக்கே ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்ல. இப்ப மட்டும் என்ன அவசரம் அவளுக்கு?”

இருவரும் சிரிப்பார்கள். ஃபோனை வைத்ததும் செர்வா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அடுத்த வாரம் என்று குடியேற்ற அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை. இறப்புச் சான்றிதழைக் காட்டியும், வரிசைப்படிதான் என்றார்கள். எனக்கு அட்டை வர எட்டு மாதம் ஆனது. அது அவளுக்கும் தெரியும்.

ஒருநாள் நான் ஆய்வகத்திலிருந்து வந்தபோது பெட்டி கட்டி வைத்திருந்தாள்.

“போயிடவா அக்கா?”

“போனா புது விசா எடுக்கணும். எப்பக் கிடைக்கும்னு தெரியாது. கிடைக்காமலும் போகலாம்.”

“நீ அக்காவா, நோட்டீஸ் போர்டா?”

அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

“நர்ஸ் ஆகாம வீட்டுப் படி ஏறாதேன்னுதான் அம்மா அனுப்பினா. ஆனா காத்திருக்க வேணாம்னு என் வாயால எப்படிக்கா சொல்றது? நானே மண்ணு தள்ளற மாதிரி இருக்கு.”

அந்த ஞாயிறு மணி அடித்தபோது ஃபோனை என் கையில் திணித்தாள். இதை எழுதிப் போட முடியாது.

“மாமா, நான் மன்சா. செர்வா கூடத் தங்கியிருக்கேன். அவளால இந்த வருஷம் வர முடியாது. காத்திருக்காதீங்க.”

அந்தப் பக்கம் யாரோ ஃபூஃபூவுக்குக் கிழங்கு இடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“அவ அழுதாளா?” என்றார்.

“இல்ல மாமா.”

“அழச் சொல்லு.” பிறகு, “சனிக்கிழமை எடுத்துடறோம். அவ சித்தி மக போர்ஷியா குளிப்பாட்டட்டும்.”

செர்வா ஃபோனைப் பிடுங்கினாள்.

“போர்ஷியாகிட்ட குடுங்க மாமா… ஏய், நல்லாக் கேளு. பச்சத் தண்ணி ஊத்தாத. இத்தனை நாள் குளிர்ல கிடந்திருக்கா, வெந்நீர் வை.”

“சரிக்கா.”

“தலைய இறுக்கிப் பின்னாத. வலிக்கும்னு திட்டுவா.”

“சரிக்கா.” அந்தப் பெண் விசும்புவது எனக்கும் கேட்டது.

“அழாம கேளுடி. இடது முட்டிய மடக்காத, அது அவளுக்கு மடங்காது. கையைக் கீழ குடுத்து, மெதுவாத் தூக்கு.”