அறுபத்திரண்டில் ஒரு முரசுக்காரி

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகத் தொடங்கவில்லை. நாட்டிங்ஹாமில் எங்கள் சங்கத்தின் செய்தி மடலுக்கு, 'பொம்மைப் போர்வீரர்களை இணையத்தில் விற்கும் நல்ல கடை எது?' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். கட்டைவிரல் உயர உலோக வீரர்களுக்கு வண்ணம் தீட்டி, மேசைமேல் போர் நடத்தும் நரைத்த மண்டைகள் நாங்கள். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம், பிறகு இடம் கிடைக்காது.

2.

ஆல்வினின் கடை நல்ல கடை. படத்தில் எது இருக்கிறதோ அதுவே வீட்டுக்கு வரும். உயரம் தெரிய, பக்கத்தில் ஒரு காசை வைத்துப் படம் எடுப்பார். பெட்டியில் ஒரு வீரனின் கை குறைந்தால், ஏன் எப்படி என்று கேட்காமல் மறுநாளே கை கிளம்பிவிடும். எந்தக் கடிதத்துக்கும் அன்று மாலை ஐந்துக்குள் பதில் உண்டு.

பழைய வீரர்களையும் வாங்குவார். விற்பதற்குமுன் வண்ணத்தைச் சுத்தமாகக் கழுவிவிடுவார். [இதையும் ஒரு நற்குணமாகத்தான் எழுதியிருந்தேன். கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.] அடுத்தவன் தீட்டிய முகம் எங்களுக்கு ஆகாது. வெற்று உலோகத்துக்குத்தான் மவுசு.

3.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு

வேண்டாம். இந்த ஊரில் மழை எப்போது பெய்யவில்லை?

மார்ஜரி என்ற விதவையிடமிருந்து கடைக்கு ஒரு செய்தி வந்தது. இறந்துபோன மகன் டேரன் வண்ணம் தீட்டிய பெட்டியை, முரசடிக்கும் ஒருத்தி உட்பட அறுபத்திரண்டு வீரர்களை, போன மாதம் ஆல்வினுக்கு விற்றவர். 'இன்றைக்கு அவன் நோட்டுப்புத்தகம் கிடைத்தது. முரசுக்காரிக்கு அம்மா முகம் என்று எழுதியிருக்கிறான். அது ஒன்றை மட்டும் திருப்பித் தருவீர்களா?'

அறுபத்திரண்டு பேரையும் வண்ணம் கழல கிருமிநாசினியில் இரண்டு நாள் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தவர் ஆல்வின். டேரனின் வேலை ஆற்றில் கரைத்த புளியாகிவிட்டது. முரசுக்காரி தட்டில் பளபளவென்று, முகத்தில் பொட்டு வண்ணமில்லாமல் கிடந்தாள்.

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மனைவி ஹெஸ்டர் எட்டிப் பார்த்தாள்.

"நீயே தீட்டி அனுப்பிடேன். அந்தம்மாகிட்ட ஒரு போட்டோ கேளு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

"ஆமா, பெரிய சத்தியசந்தன்! அப்ப போய்ச் சொல்லு, உங்க மொகத்த பிரஷ்ஷப் போட்டுத் தேச்சுட்டேன்னு."

4.

முதல் முடிவு: ஆல்வின் தீட்டி அனுப்பினார், மார்ஜரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எழுதி முடித்ததும் எனக்கே கூசியது.

இரண்டாம் முடிவு: ஆல்வின் உண்மையைச் சொன்னார், மார்ஜரி மன்னித்தார். மன்னிப்பதை எழுதுவது எனக்கு எளிது. வலி அவருடையது, நிம்மதி என்னுடையது. இதையும் அடித்தேன்.

நடந்தது இது. நாலரை மணிக்கு ஆல்வின் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அம்மா, அதக் கழுவிட்டேங்க. எல்லாத்தையுமே கழுவிட்டேன். விக்கிறதுக்கு முன்னாடி அப்படித்தான் செய்வோம். மன்னிச்சுடுங்க."



"நீ என்ன கண்ணு பண்ணுவ, உனக்கெப்படித் தெரியும்," என்றார் மார்ஜரி.* "கழுவுறப்ப பாத்திருப்பேல்ல? மொகம் எப்படி இருந்துச்சு? கடைசி ரெண்டு வருஷம் அவங்கிட்ட நான் நல்லபடியா ஒரு வார்த்த பேசல. எப்பப் பாரு சண்ட. அவன் கண்ணுக்கு நான் எப்படி இருந்தேன்னு தெரியணும், அவ்ளோதான். சிரிக்கிற மாதிரியா இருந்தேன்?"

(* இந்த ஊரில் முன்பின் தெரியாதவரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அது ஆல்வினுக்குத் தாங்கவில்லை.)

5.

ஆல்வினுக்கு நினைவிருக்கிறது. அறுபத்திரண்டு முகங்களில் அவர் கையை நிறுத்திப் பார்த்தது அந்த ஒன்றைத்தான். புருவம் நெரிந்து, வாய் கிழிய, பல் தெரியக் கத்துகிற முகம். ஊசிமுனைத் தூரிகையால் அத்தனை பொறுமையாகத் தீட்டியிருந்தான் டேரன். ஹெஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டி, "இவகிட்ட மாட்டுனவன் செத்தான்" என்று சொன்னவரும் ஆல்வின்தான். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் தேய்த்தார்.

அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். சிரித்த முகம், கத்திய முகம் என்று இரண்டு பதிலையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் கொலை. வாசகரே, ஆல்வினுக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள். மார்ஜரி காத்திருக்கிறார். ரொம்ப யோசிக்காதீர்கள், நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நொடியும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.