வழி தெரிந்தவள்

அதே தண்ணீர்த் தொட்டியை மூன்றாவது முறையாகக் கடந்தபோதுதான், தொலைந்துபோய்விட்டதை அவள் ஒப்புக்கொண்டாள். முதல் முறை, இந்த ஊரில் இப்படி இரண்டு தொட்டிகள் இருக்கும்போல என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இரண்டாவது முறை எதையும் யோசிக்காமல் வண்டியை விரட்டினாள். மூன்றாவது முறை, தொட்டிக்குக் கீழே லாரியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆள் பழகிய முகத்தைப் பார்த்ததுபோலச் சிரித்தே விட்டான். ஓரமாக நிறுத்தி மணியைப் பார்த்தாள். பதினொன்று பத்து. ஒன்பதரைக்குக் கிளம்பியவள். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டு வந்தவள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஆஸ்பத்திரிதான் என்று அவசரமாக எடுத்தாள். பேசியது, புது கார் புக் செய்திருந்த ஷோரூம் பெண்.

"மேடம், அந்த மேப் விஷயம் கேக்கத்தான் கூப்பிட்டேன். இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஆர்டர் ஃபேக்டரிக்குப் போயிடும். வண்டியோடவே வர்ற, வழி சொல்ற அந்த மேப் வேணுமா வேண்டாமான்னு இப்பவே சொல்லணும். அப்புறம் போட முடியாது."

நடுத்தெருவில் திக்குத் தெரியாமல் நிற்பவளிடம் கேட்கிற கேள்வியா இது. சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். கோபம் அந்தப் பெண்மேல் இல்லை. யார்மேல் என்று யோசிக்கவும் பயமாக இருந்தது.

அவளுடையது பட்டன் போன், அதில் வழி பார்க்க முடியாது. இறங்கி நாலு பேரிடம் வழி கேட்டிருக்கலாம். லாரிக்காரனே சொல்லியிருப்பான். ஆனால் அவள் உட்கார்ந்திருந்த வண்டியின் நான்கு கதவிலும், பின்கண்ணாடியிலும், கூரைமேல் இருந்த மஞ்சள் பலகையிலும் டிரைவிங் ஸ்கூலின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. இருபத்தாறு வருடமாக ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவள் கணவர். ஊருக்கு வாத்தியார். அவர் வண்டி தெருவில் நின்று வழி கேட்டால், அதுவும் அவர் மனைவியே கேட்டால், சாயங்காலத்துக்குள் ஊரே சிரிக்கும். படுக்கையில் கிடக்கிற மனிதருக்கு அந்த அவமானம் வேறா என்று நினைத்தாள். அதனால்தான் கேட்காமல் சுற்றினாள்.

அவளுக்கு வழி தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பதினொரு வருடமாகத் தினமும் வண்டி ஓட்டுகிறவள். காலையில் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு அவளே ஓட்டிக்கொண்டு போவாள். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். கடை வாசலில் அவள் இறங்கிக்கொள்ள, வண்டியை அவர் எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போவார். சாயங்காலமும் அதே கதைதான். கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் அடுத்தவனுக்குத் தலைவலி வந்துவிடும் என்பது தெரிந்தவள். ஆனால் கடைக்குப் போகும் வழியைச் சொல் என்றால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

காரணம் வாத்தியாரின் பாடம். எங்கே போகிறோம் என்பதை அவர் யாருக்கும் சொல்லமாட்டார். "போற ஊரை நினைச்சா முன்னாடி வர்ற ஆளைக் கோட்டை விட்டுருவே. அடுத்த திருப்பத்தை மட்டும் பாரு, மத்தது என் பொறுப்பு" என்பார். மற்ற மாணவர்களுக்கு அந்தப் பாடம் முப்பது நாள். லைசென்ஸ் வாங்கியதும் அவரவர் வழியை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். இவளுக்கு மட்டும் பாடம் முடியவே இல்லை. லெஃப்ட் என்றால் லெஃப்ட், ரைட் என்றால் ரைட். அவர் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று இருந்தது. அதை அவர் அவளுக்காக மிதித்ததே இல்லை என்று எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்வார்.

அந்தப் பெருமைதான் வினையாகிவிட்டது. பழைய வண்டியை ஸ்கூலுக்கே விட்டுவிட்டு வீட்டுக்கென்று புது வண்டி புக் செய்தார். பத்து நாளில் நெஞ்சுவலி வந்து படுத்துவிட்டார். ஷோரூம் கொடுத்த வழவழப்பான புத்தகம் ஆஸ்பத்திரிக் கட்டில்வரை வந்தது. சீட் நிறம் முடிவானது, சக்கரம் முடிவானது, மேப்பில் வந்து எல்லாம் நின்றது. மகள் போனில் கட்டாயம் வேண்டும் என்றாள். வாத்தியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்ல, அப்புறம் அது எதுக்கு?" என்றார். ஆக்ஸிஜன் குழாயோடு அதைச் சொன்னார். அதற்குமேல் யார் என்ன பேசுவது. வேண்டும் என்று சொன்னால், நீங்கள் பக்கத்தில் உட்காரப்போவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னமாதிரி ஆகிவிடும். அவள் உங்கள் இஷ்டம் என்று புத்தகத்தை மூடிவைத்தாள்.

இன்று காலை வந்த புது டாக்டர், இரண்டு வருடத்துக்கு முந்தைய பரிசோதனைக் கோப்பைக் கேட்டார். அது வீட்டு பீரோவில் இருந்தது. கொழுந்தன் லிஃப்ட் பழுது பார்க்க எங்கோ பத்தாவது மாடியில் இருந்தான். மகள் வெளியூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். ஒரு டாக்ஸி கூப்பிடலாம் என்று அவள் போனை எடுத்தபோது வாத்தியார் தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். வண்டி ஒரு வாரமாகக் கீழேதான் நிற்கிறது, நீயே போய் வா என்றார்.

"வழி தெரியும்ல?" என்று கேட்டார்.

"தெரியாம என்ன?" என்றாள் அவள்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்தபிறகு உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்குப் போனதே ஒரு கூத்து. வீட்டுப்பக்கம் போகிற பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, அது நிற்கும் இடத்திலெல்லாம் நின்று, இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். திரும்பும்போது வசதியாக எந்த பஸ்ஸும் வரவில்லை. பாலத்தடியில் குழி தோண்டி வைத்து, வேறு பக்கம் போ என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். அம்புக்குறி ஒரு தெருவுக்குள் கொண்டுபோய் விட்டதோடு தன் வேலை முடிந்ததென்று காணாமல் போய்விட்டது. அதற்குப்பிறகு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். பக்கத்திலிருந்து ஒரு லெஃப்ட் வராதா என்று நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டாள்.

கடைசியில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு ஆம்புலன்ஸ். சைரன் போட்டுக்கொண்டு கடந்துபோனதை விடாமல் துரத்தினாள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறதோ என்ற யோசனைகூட இல்லை. நல்லவேளை அதே ஆஸ்பத்திரி. வண்டியைக் கோணலாக நிறுத்திவிட்டு, கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடியும் படியேறினாள்.

அறையில் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. மெஷின் சத்தம் இல்லை. வாசலில் நின்ற நர்ஸ் அவள் கையிலிருந்த கோப்பை மெதுவாக வாங்கிக்கொண்டாள். அப்போதே புரிந்துவிட்டது.

பதினொன்று இருபதுக்கு நடந்திருந்தது. அவள் தண்ணீர்த் தொட்டியை விட்டுக் கிளம்பின நேரம். கோப்பு முன்னாலேயே வந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அதை அவள் நம்பினாள். அவள் கேட்டது வேறு. அவர் ஏதாவது சொன்னாரா என்று நர்ஸைக் கேட்டாள்.

"வந்துட்டாளான்னு ரெண்டு தடவை கேட்டாரும்மா. இன்னும் இல்லன்னேன். ‘வழி தெரியாதவ இல்ல சிஸ்டர், நான் சொல்லிக் குடுத்தவ, வந்துருவா’ன்னாரு. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டாரு."

அழுகை வரவில்லை. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கொழுந்தன் கையில் கிரீஸோடு ஓடிவந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அவனைத் தேற்றவேண்டியதாயிற்று. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டாள். ரயில்நிலையத்திலிருந்து நேராக வந்த மகள் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வியே, கடைசி நேரத்தில் அப்பா என்ன சொன்னார் என்பதுதான்.

"டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்" என்றாள் அவள். மகள் கேட்டது ஒன்று, இவள் சொன்னது ஒன்று. மகள் அதை அப்போது கவனிக்கவில்லை.

இரண்டு மணிக்கு உடலை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். ஸ்கூல் வண்டியைக் கொழுந்தன் ஓட்டிவந்தான். வாத்தியாரிடம் கற்றுக்கொண்டவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் வண்டிகள் நூல் பிடித்ததுபோல வரிசையாக நின்றன. அவரிடம் படித்தவர்கள் வேறெப்படி நிறுத்துவார்கள். ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி நேரத்தைப் பற்றியே கேட்டார்கள். அவளுக்கு முன்னால் கொழுந்தன் முந்திக்கொண்டு, அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார், அண்ணி பக்கத்திலேயே இருந்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அவளால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீர் பிடித்தாள், குடிக்காமல் கொட்டினாள், மறுபடி பிடித்தாள்.

நாலரைக்கு மயானத்துக்குக் கிளம்பவேண்டும். நாலு இருபதுக்குப் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் பின்னாலேயே வந்த மகளுக்கும் கொழுந்தனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"இவங்களுக்கு வேற நேரமே கிடைக்கலயா? குடுங்க அண்ணி, நான் சொல்லிடறேன்" என்று கை நீட்டினான் கொழுந்தன். அண்ணன் வேண்டாம் என்றுதானே சொன்னார், வேண்டாம் என்றே முடித்துவிடலாம் என்றான். நச்சரித்து நச்சரித்துக் கேட்ட மகளே இப்போது தலையாட்டினாள்.

"ஆமாம்மா. அப்பா ஆசைப்பட்ட மாதிரியே இருக்கட்டும். வேண்டாம்னு சொல்லிரு."

அவள் போனை விடவில்லை. அது கையிலேயே அடித்துக்கொண்டிருந்தது. சொல்வதற்கு எளிதான வார்த்தை அதுதான். எல்லோருக்கும் பிடித்த வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் காலையில் நடந்தது டிராஃபிக் என்றே நின்றுவிடும். காலத்துக்கும் அவள் வழி தெரிந்தவளாகவே இருந்துகொள்ளலாம்.

"நான் டிராஃபிக்ல மாட்டல" என்றாள் மகளிடம். "தொலைஞ்சு போயிட்டேன். எனக்கு ஒரு வழியும் தெரியாது. அப்பா சொல்லித்தான் ஓட்டினேன், இத்தனை வருஷமும். காலைல கேட்டாரு, தெரியும்னு பொய் சொல்லிட்டுப் போனேன். நான் ஏதோ ஒரு தண்ணித் தொட்டியைச் சுத்திக்கிட்டிருக்கும்போது அவரு போயிட்டாரு. பக்கத்துல நான் இல்ல. நம்ம ஆளுங்க யாருமே இல்ல."

கொழுந்தன் தரையைப் பார்த்தான்.

"கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டியே. ‘வழி தெரியாதவ இல்ல, வந்துருவா’ன்னு சொன்னாராம்."

இப்போதுதான் அழுகை வந்தது. அது வருவதற்குள் போனை எடுத்துவிட்டிருந்தாள். மறுமுனையில் ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்தாள் ஷோரூம் பெண். தொண்டையைச் செருமிக்கொண்டு, மேப் போடச் சொன்னாள்.

"சரி மேடம். போன தடவை சார் வேண்டாம்னு சொன்ன மாதிரி எழுதியிருக்கு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணுமா?"

"வேண்டாம்மா. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

உடலை ஏற்றிய வேன் புறப்பட்டது. கொழுந்தன் அதில் ஏறிக்கொண்டான். வேறு யாராவது ஓட்டட்டும் என்று நாலைந்து பேர் முன்வந்தார்கள். எல்லோரும் நன்றாக ஓட்டக்கூடியவர்கள்தான். அவள் கேட்கவில்லை. வேனுக்குப் பின்னால் ஸ்கூல் வண்டியை அவளே ஓட்டினாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தெரு தாண்டும்வரை இவள் வேனின் பின்கதவை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

பெரிய சந்திப்பில் வேன் கடந்ததும் சிவப்பு விழுந்துவிட்டது. குறுக்கே ஒரு பஸ்ஸும் இரண்டு லாரியும் போயின. அவை விலகியபோது எதிரே மூன்று சாலைகள் இருந்தன. எதிலும் வேன் இல்லை.

மகள் கைப்பையைத் திறந்து அவசரமாகப் போனைத் தேடினாள். அதற்குள் இவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கியிருந்தாள். பக்கத்தில் ஸ்கூட்டரில் ஒரு காலை ஊன்றி நின்றவர், கதவில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, மயானத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டாள்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். எட்டி, நடுச்சாலையைக் கைகாட்டி, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.