நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு கோபி

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது. வேங்கிக்கால் பக்கத்துப் பாலிடெக்னிக்குக்கு அன்றைக்கு லீவுதான். மாதாமாதம் ஒரு நாள் பாடம் போகிறதே என்று எலக்ட்ரானிக்ஸ் நடத்தும் அருணாதேவிக்கு வயிற்றெரிச்சல். சும்மா இருப்பாளா? பாடத்தையும் கேள்விகளையும் ஒரு இணையதளத்தில் ஏற்றினாள். பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே படித்துப் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தப்பென்றால் சரியான விடையைக் காரணத்தோடு அதுவே காட்டும். ஒவ்வொரு தடவையும் கேள்விகள் மாறி மாறி வரும்.

பிரின்சிபால் சக்கரவர்த்திக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை. "வாத்தியார் எதிர்ல நின்னாலே தூங்குறானுங்க, டப்பாவைப் பாத்தா படிக்கப்போறானுங்க? இந்தப் பௌர்ணமி பாக்குறேன்மா. பிரயோஜனம் இல்லன்னா லேபைப் பூட்டிட்டு கம்ப்யூட்டரையெல்லாம் ஆபீசுக்கு எடுத்துக்குவேன்."

ஒரு வருஷம் கெஞ்சி வாங்கிய லேப் அது.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை லேபில் உட்கார்ந்து இணையதளத்தைத் திறந்தாள். அடேயப்பா! நாற்பத்திரண்டு பேரும் எழுதியிருந்தார்கள். துள்ளிக் குதிக்காத குறைதான். அப்புறம்தான் நேரத்தைக் கவனித்தாள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஏழு வரை, ஒருவர் முடித்ததும் அடுத்தவர், அத்தனையும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து. முதல் பெயர் கோபி. நாலு அரியர் வைத்திருக்கும் கடைசி பெஞ்சு மகராசன்.

கூப்பிட்டு விசாரித்தாள்.

"எல்லாரும் பாஸ்வேர்டைக் குடுத்துட்டு கிரிவலம் போயிட்டாங்க மேடம். ஆசிரமத்துக்கிட்ட எங்க மாமாவோட பிரவுசிங் சென்டர் இருக்குது. ஆளுக்கு ஒரு பரோட்டான்னு பேச்சு."

வந்ததே ஆத்திரம்! திட்ட வாயெடுத்தவளின் கண் மார்க்குகளில் விழுந்தது. கோபிக்கு இரண்டு. ஐந்தாவது ஆளுக்கு நாலு. இருபதாவது ஆளுக்கு எட்டு. கடைசிப் பதினைந்து பேருக்கும் பத்துக்குப் பத்து.

"யாரையாவது பாத்து எழுதினியாடா?"

"யாரைப் பாக்குறது மேடம்? அங்க நான் ஒருத்தன்தானே எழுதினேன்."

அன்று மதியமே பிரின்சிபால் வகுப்புக்குள் நுழைந்தார். "யாராவது ஒருத்தனை போர்டுக்கு அனுப்பும்மா."

"கோபி" என்றாள் அருணாதேவி.

"இவனா!" என்று சிரித்தவர் டிரான்சிஸ்டரில் ஆரம்பித்து ஏழு கேள்வி கேட்டார். கோபி சாக்பீஸ் தேயப் படம் போட்டுச் சொன்னான். ஒன்றில்கூடத் தப்பில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனை வாட்டிடா படிச்ச?"

"நாப்பத்திரண்டு வாட்டி சார்."

வகுப்பு மொத்தமும் தலைகுனிந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அருணாதேவி உள்ளதைச் சொல்லிவிட்டாள். "மத்தவங்க மலையைச் சுத்துனாங்க சார். இவன் பாடத்தைச் சுத்தினான்."

பிரின்சிபால் வகுப்பைப் பார்த்து முறைத்தார். பிறகு, பூட்டுவதற்கென்று கொண்டுவந்திருந்த லேப் சாவியை எடுத்து அவள் மேஜையில் வைத்தார். "அடுத்த பௌர்ணமிக்கு அவனவன் பேர்ல அவனவன் உக்காரட்டும்."

அவர் போனதும் கோபி தயங்கித் தயங்கி வந்தான். பரோட்டா போச்சே என்று புலம்பப்போகிறான் என நினைத்தாள்.

"மேடம், மத்த சப்ஜெக்டையும் இதுல ஏத்துவீங்களா? எனக்கு இன்னும் மூணு அரியர் இருக்குது."