பேருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

“என் பேருக்குப் பக்கத்துல என்னடி புள்ளி?” என்று அத்தை கேட்டாள்.

பதிவேட்டை நான் மூடியிருக்கலாம். மூடவில்லை.

சர்க்கரை உள்ளவர்களின் விழித்திரையைப் படம் எடுக்கும் அறையில் எனக்கு வேலை. பேர் எழுத வேண்டும், கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், பாவை விரிந்ததும் கேமரா முன்னால் உட்கார வைத்து முகவாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதிகம் பேச வேண்டியதில்லை. அதனால்தான் அத்தை எனக்கு இதைப் பிடித்துக் கொடுத்தாள். எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்து ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்?

எட்டு மாதம் முன்பு அத்தையே பரிசோதனைக்கு வந்தாள். தையல் கடையில் பொத்தான் துளை தைப்பவள். வலது பாவை விரிந்தது. இடது கடுகாய்ச் சுருங்கியே கிடந்தது. படம் இருட்டாக விழுந்தது.

“இன்னொரு சொட்டு விடட்டுமாண்ணே?” என்றேன்.

“விட்டா இன்னும் அரை மணி நேரம். வெளியே கூட்டத்தைப் பாரு” என்றார் கேமராக்காரர், என் காதோடு. “இருட்டா அனுப்பினா, படம் பார்த்து முடிவு சொல்ற டாக்டருங்க திருப்பி அனுப்புவாங்க, திட்டு எனக்கு. வலதையே இன்னொண்ணு எடுத்து இடதுன்னு போட்டுடலாம். ஒரே மூஞ்சில இருக்கற கண்ணு, ரெண்டும் சண்டையா போட்டிருக்கு?”

அவர் வலதையே மறுபடி எடுத்தார். அத்தை சிரித்தாள். “என்ன தம்பி, வலது பக்கமே ரெண்டு தடவை பளிச்சுங்குது?”

“மருமக வேலை செய்யற இடமாச்சே. ஸ்பெஷல் கவனிப்பு!”

நான் தலை குனிந்திருந்தேன். அவர் அப்படிச் செய்யும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் அந்தப் பேருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன். யார் பார்க்க? தெரியாது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாக ஒரு நினைப்பு. அன்றும் வைத்தேன்.

இரண்டு கண்ணும் நலம் என்று முடிவு வந்தது. அத்தை அந்தத் தாளைக் கடை முழுக்கக் காட்டினாள். அவளும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அந்த எட்டு மாதமும் சாப்பாட்டுக்குத் தவிர நான் வாய் திறக்கவில்லை.

போன வாரம் அவள் இடது கண்ணில் ரத்தம் கசிந்து எல்லாம் கறுத்துவிட்டது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். “அப்பவே படம் எடுத்தேனே, ஒண்ணுமில்லைன்னாங்களே!” என்று இவள் சண்டை போட, அந்தப் படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் வந்தாள். கேமராக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவள் நம்பரைத் தேடப் பதிவேட்டைத் திறந்தேன்.

“சொல்லுடி. ஊமையா நீ?”

கம்ப்யூட்டரில் அவள் படங்களைத் திறந்தேன். விழித்திரையில் வெளிறிய வட்டம் ஒன்று இருக்கும். எப்போதும் மூக்குப் பக்கம்தான். இரண்டு கண்ணையும் அருகருகே வைத்தால் வட்டங்கள் எதிரெதிரே இருக்க வேண்டும். அத்தையின் இரண்டு படத்திலும் ஒரே பக்கம்.

“ரெண்டும் வலது கண்ணு அத்தை. இடதை அனுப்பவே இல்ல.”

“உனக்கு எப்போ தெரியும்?”

“அன்னைக்கே.”

பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். அங்கே இன்னும் மூன்று பேருக்குப் புள்ளி. அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கதவு நிலையில் அவள் இடது தோள் இடித்தது. பிடிக்க எழுந்தேன். என் கையை விலக்கிவிட்டுப் போய்விட்டாள்.