பால் கொட்டிய டாக்ஸி

நாத்தனாரின் மூக்கைப் பற்றித் தெருவே பேசும். அவளுடைய கார் கழுவும் பட்டறையில் எந்த வண்டியும் லேசில் வாசலைத் தாண்டிவிடாது. அவள் உள்ளே ஏறி, நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, ஒரு மூச்சு இழுத்து, "சரி" என்று சொல்ல வேண்டும். அவள் தம்பி பெண்டாட்டியை எல்லோரும் சின்னவள் என்பார்கள். ஐந்து வருஷமாக இடுப்பொடியத் தேய்ப்பது சின்னவள். பெயர் வாங்குவது மூக்கு.

நீராவி மெஷின் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் சின்னவள்தான். வாளி வாளியாகத் தண்ணீர் விட்டால் சீட்டுப் பஞ்சு ஊறி, மூன்றாம் நாள் நாற்றம் திரும்பி வருகிறதே என்று சொல்லிச் சொல்லி நாத்தனாரின் பிராணனை வாங்கினாள். கடைசியில் மெஷின் வந்தது, ஒரு வாரத்தில் சரிப்படாவிட்டால் கடைக்கே திரும்பிப் போகும் என்ற நிபந்தனையோடு. ஏழாவது நாள் வந்து நின்றதோ பால் கொட்டிய டாக்ஸி.

டாக்ஸிக்காரர் பாவம், அழாத குறை. பின்சீட்டில் ஒரு குழந்தையின் பால் புட்டி கவிழ்ந்து நாலு நாளாகிறதாம். ஏறுகிறவர்கள் தெருமுனையிலேயே இறங்கிவிடுகிறார்களாம். இந்த வண்டி சரியானால் மெஷின் இருக்கும், இல்லையென்றால் சாயங்காலமே போய்விடும் என்று நாத்தனார் கறாராகச் சொல்லிவிட்டாள்.

சின்னவள் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். முதல் ஆவி தண்ணீராகத் துப்பும். அதை வாளிக்குள் விட்டாள். பிறகு முனையில் பருத்தித் துண்டைச் சுற்றி, ஓரிடத்தில் நிற்காமல் தையலோரமாக நகர்த்தினாள். கூரைப் பக்கம் மட்டும் போகவில்லை. சூடு பட்டால் பசை விட்டு, துணி தொங்கிவிடும். மூன்று மணி நேரத்தில் எட்டுத் துண்டு மஞ்சளாயின. மிச்சமிருந்த கொஞ்ச ஈரமும் ஃபேன் காற்றில் காய்ந்தது.

நாத்தனார் ஏறினாள், மூச்சு இழுத்தாள், "சரி" என்றாள்.

சின்னவள் அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விட்டாளா? தானும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். எங்கேயோ மெல்லிசாக அந்தப் புளிப்பு இருந்தது.

"அண்ணி, இன்னும் இருக்கு."

"நான்தான் சரின்னுட்டேன்ல? இப்ப நீயே இல்லைன்னா மெஷின் போயிடும், யோசிச்சுக்கோ."

"போனா போகட்டும். வண்டிய இப்படிக் கொடுக்க மாட்டேன்."

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. டாக்ஸிக்காரருக்குப் போன் போட்டு, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று சின்னவளே சொன்னாள். மிதியடியை மோந்தாள், கதவுப் பையை மோந்தாள். அலுத்துப்போய்ச் சாய்ந்தபோது தோளில் சீட் பெல்ட் உரசியது. இழுத்தாள். முழுசாக இழுத்த பிறகுதான், கடைசி முழத்தில் பால் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது தெரிந்தது. நனைந்த பெல்ட்டை யாரோ அப்படியே உள்ளே சுருளவிட்டிருக்கிறார்கள். வெளியே தெரிகிற பெல்ட்டை மட்டும் துடைத்துவிட்டுப் போவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு. அவளும் காலையில் அதைத்தான் செய்திருந்தாள்.

பெல்ட் உள்ளே ஓடாமல் துணிக் கிளிப்பை மாட்டினாள். ஆவியைக் குறைத்து வைத்துத் துடைத்தாள். நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட்டாள். மறுபடி ஏறி மூச்சு இழுத்தாள், புளிப்பு போயிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் உள்ளே போய், மெஷினை எடுத்துப்போக வர வேண்டாம் என்று கடைக்காரனிடம் போனில் சொன்னாள்.

டாக்ஸிக்காரர் வந்தார். வண்டிக்குள் ஏறி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இறங்கியதும், எல்லோரையும் போல அவரும் நாத்தனாரிடம்தான் போனார்.

"என்னைக் கேக்காதீங்க" என்றாள் நாத்தனார். "எனக்கு ரெண்டு நாளாச் சளி, ஒரு வாசனையும் தெரியல. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு சும்மா தலையாட்டிட்டேன். இந்த வண்டியக் கொடுக்கலாமா வேணாமான்னு சொல்ல வேண்டியவ அவ."

டாக்ஸிக்காரர் சின்னவள் பக்கம் திரும்பி, வண்டியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இந்தப் பட்டறையில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. சின்னவளுக்குப் பெருமை தாங்கவில்லை; தலை தானாக நிமிர்ந்தது.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றாள்.