காகர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தங்கை

1

இந்தக் கதை என்னுடையதில்லை, பசந்த் கௌர் கொடுத்தது. அந்த நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பஞ்சாபில் கரர் ஊரில் பத்தொன்பது வருடமாக, தமிழ்க்காரியான எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பசந்தின் அண்ணன் ஹர்சந்த் சிங். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். புவாத் என்கிற பழைய நாட்டுக்கு எல்லை எது என்பதில் ஆளுக்கொரு கட்சி. புவாதி என்கிற வட்டாரப் பஞ்சாபி எங்கே நிற்கிறதோ அங்கேதான் எல்லை என்று அவர் முடிவுகட்டினார். ஆறு வருடம் ஸ்கூட்டரில் ஊர் ஊராக அலைந்து, தான் எழுதும் புத்தகத்துக்கு வரைபடம் போட்டார். கிழக்கே எல்லைக் கோட்டைக் காகர் ஆற்றோடு நிறுத்தினார்.

பசந்த் வாழ்க்கைப்பட்ட ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

2

முதல் தொடக்கம்: ‘காகரில் வெள்ளம் கரைபுரண்ட அந்த ஆண்டு…’ (அடித்துவிட்டேன். வெள்ளமே வரவில்லை.)

இரண்டாவது: ‘எல்லை என்பது உண்மையில்…’ (இப்படித் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.)

பசந்தே தொடங்கட்டும். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் போனில் கத்தினாள், பக்கத்து வீட்டில் எனக்கு மதில் தாண்டிக் கேட்டது.

“ஏன்ணே, பொறந்த வீடு உள்ள, நான் வெளியவா?”

“நானா தள்ளினேன்? உங்க ஊர்ல ஒருத்தனும் நம்ம பேச்சு பேசலம்மா. அறுபது பேரைக் கேட்டாச்சு.”

“யார் யாரை?”

“எல்லாம் எங்கிட்ட படிச்ச பசங்கதான்.”

“கிழிஞ்சுது போ! புத்தகம் அச்சுக்குப் போறதுக்குள்ள என் பொண்ணு கல்யாணம் வருதில்ல? காதைத் தீட்டிக்கிட்டு வா.”

3

இங்கே எனக்கு ஹர்சந்த்மேல் சந்தேகம். தன் மாணவர்களை மட்டும் கேட்டு முடிவுகட்டும் அளவுக்குப் படித்த மனிதர் அப்பாவியாக இருப்பாரா? எழுதுவதை நிறுத்திவிட்டு அவரிடமே போய்க் கேட்டேன்.

பசந்தின் ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் பாடம் நடத்தியவர். வகுப்பில் வீட்டுப் பேச்சான புவாதி வந்தால் விரலில் அடிக்கோல் விழும். (இதைத் தலைகுனிந்துதான் சொன்னார்.) அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று தாத்தாக்கள். மாஸ்டர்ஜியைக் கண்டால் எழுந்து, கைகட்டி, பாடப்புத்தகப் பஞ்சாபியில் பதில் சொல்கிறார்கள்.

4

கல்யாணத்துக்குத் தாய்மாமன் வீட்டார் வந்து இறங்கினால், ஊர்ப் பெண்கள் வாசலில் மறித்து வசைப்பாட்டுப் பாடுவது அங்கே மரியாதை. பாடாவிட்டால்தான் மனத்தாங்கல் வரும். நானும் உடன் போயிருந்தேன். ஹர்சந்த் காரைவிட்டு இறங்கியதும் பசந்தின் நாத்தனார் எடுத்துக்கொடுத்தாள்.

“ஆத்து நடுவுல எருமை நிக்குது, தலை அந்தாண்ட, மடி இந்தாண்ட! பென்சில் மாமா வந்திருக்காக, கோடு போட்டுக் கறக்கச் சொல்லுங்கடி!”

அசல் புவாதி. எங்களோடு வந்த பெண்கள் அதே பேச்சில் சுடச்சுடத் திருப்பிப் பாடினார்கள். பின்னால் பழைய மாணவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “மாட்டிக்கிட்டாருடா மாஸ்டரு!” என்று ஒருவன் வீட்டுப் பேச்சிலேயே கத்திவிட்டு, சட்டென்று விரல்களை மடக்கிக்கொண்டான்.

ஹர்சந்த் அவனிடம் போய் அந்தக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டார். “இன்னொரு தடவ சொல்லுடா,” என்றார். அழுதார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த பாட்டு என் தலையில் விழுந்தது. நான் சப்பாத்தி இடும் அழகைப் பற்றி. அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

“வெளக்கம் கேக்காமச் சிரிச்சுட்டா பாரு! மதராஸிப் பொண்ணே, நீ நம்ம ஆளுடி,” என்றாள் பசந்த். பத்தொன்பது வருடத்தில் எனக்கு யாரும் இவ்வளவு பெரிய பரிசு கொடுத்ததில்லை.

5

வரைபடம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. கிழக்கு எல்லைக் கோட்டை ஹர்சந்த் அழித்துவிட்டார், புதிதாகப் போடவில்லை. கோட்டைப் பத்து மைல் தள்ளிப் போடலாம், ஆனால் அங்கேயும் யாருக்காவது ஒரு தங்கை இருப்பாள். கோடே வேண்டாமென்று முடிக்கலாம், ஆனால் அச்சகத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பென்சிலை உங்களிடம் தருகிறேன். எருமைப் பாட்டுக்கு நீங்கள் சிரித்தீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டையும் உள்ளே விட்டுக் கோட்டைப் போடுங்கள்.